ஈடிபஸ் கதையை ‘விதி’ என்று ஒரே சொல்லில் முடிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழங்காலக் கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். கிரேக்க நாடகத்துக்குத் தமிழ் நாளிதழில் ஒரு பக்கம் கிடைப்பது அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை முடிகிற இடத்தில், விதியை யாராலும் வெல்ல முடியாது என்பதே இந்த நாடகம் சொல்லும் பாடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். இருபது வருடத்துக்கு மேல் கல்லூரியில் இந்த நாடகத்தை நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் விடைத்தாளில் இதே வரியைத்தான் பிள்ளைகள் எழுதிவைப்பார்கள், கடையில் விற்கும் நோட்ஸில் அப்படித்தான் இருக்கும், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இப்போது பத்திரிகையிலும் அதையே பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீப்ஸ் நகரத்து ராஜா லாயஸுக்கு, பிறக்கும் மகன் கையால்தான் சாவு என்று அப்போலோ தெய்வத்தின் வாக்கு வருகிறது. பிள்ளை பிறந்து மூன்று நாள்கூட ஆகாத நிலையில் அதன் கணுக்கால்களைப் பூட்டி, மலையில் போட்டுவிட்டு வரச் சொல்கிறான். கொண்டுபோன இடையன் இரக்கப்பட்டு இன்னொரு இடையனிடம் கொடுத்துவிட, அது கொரிந்த் ராஜா பாலிபஸ் வீட்டில் மகனாக வளர்கிறது. அந்தப் பிள்ளைதான் ஈடிபஸ். அப்பாவைக் கொல்வாய், அம்மாவையே மணப்பாய் என்று, அப்போலோ கோயில் இருக்கும் டெல்ஃபியில் அவனுக்கும் வாக்கு வர, பயந்துபோய் கொரிந்த் பக்கமே திரும்பாமல் நடக்கிறான். மூன்று சாலை கூடும் ஓர் இடத்தில், வண்டியில் வந்த பெரியவர் ஒருவரோடு தகராறு, அவர்தான் லாயஸ் என்று தெரியாமல் அடித்துக் கொன்றுவிடுகிறான். அப்புறம் தீப்ஸுக்கு வந்து, ஊரை வதைத்துக்கொண்டிருந்த ஸ்ஃபிங்க்ஸ் என்ற அரக்கியின் விடுகதையை அவிழ்த்து, லாயஸின் விதவையான ராணி ஜொகாஸ்டாவை, பெற்ற தாய் என்று தெரியாமல் மணந்து ராஜாவாகிறான்.

இதில் ஒன்றுகூட மேடையில் நடப்பதில்லை! நாடகம் தொடங்கும்போது இதெல்லாம் முடிந்து பல வருடம் ஆகிவிட்டது, நாலு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். மேடையில் நடப்பது ஒரே ஒரு நாள், ஒரே ஒரு விசாரணை. ஊரில் கொள்ளைநோய், லாயஸைக் கொன்றவன் இன்னும் இந்த மண்ணில் இருக்கிறான், அவனை விரட்டினால்தான் நோய் விலகும் என்று டெல்ஃபியிலிருந்து செய்தி வருகிறது, ஈடிபஸ் தேடத் தொடங்குகிறான். தெய்வவாக்கு எப்படிப் பலித்தது என்று காட்டுவதுதான் சோஃபக்ளிஸின் நோக்கம் என்றால் அந்த மூன்று சாலைச் சந்திப்பை, அந்தக் கல்யாணத்தை அவர் விட்டிருப்பாரா? விட்டுவிட்டு, தேடுகிற நாளை மட்டும் எடுத்துக்கொண்டார். கொலைகாரனைக் கண்டுபிடி என்றுதான் அப்போலோ சொன்னார். நீ யார் பிள்ளை என்று கண்டுபிடி என யாரும் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு அவனாகத்தான் போய்ச் சேருகிறான், போகாதே என்று மற்றவர்கள் கெஞ்சக் கெஞ்சப் போகிறான்.

நமக்கு ‘ஊழ்’ என்ற சொல் கையிலேயே இருப்பதால் சட்டென்று அதைப் போட்டுவிடுகிறோம் என்று நினைக்கிறேன். சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலைப்பட்டதற்கு முற்பிறவியில் அவன் சங்கமன் என்ற வணிகனுக்குச் செய்த தீங்கு காரணம் என்று மதுராபதித் தெய்வமே கண்ணகியிடம் கணக்குச் சொல்கிறது. ஈடிபஸுக்கு அப்படி ஒரு கணக்கு எந்தத் தெய்வமும் சொல்வதில்லை. முற்பிறவி கிடையாது. அப்பா செய்த பாவம் என்று சொல்வதற்கும் சோஃபக்ளிஸ் இடம் வைக்கவில்லை. அவருக்கு முன்னால் இதே வம்சத்தைப் பற்றி எழுதிய எஸ்கிலஸிடம் அது இருந்தது, பிள்ளையில்லாமல் செத்தால்தான் உன் நகரம் பிழைக்கும் என்று அப்போலோ லாயஸுக்கு மூன்று முறை சொன்னதாகவும் அவன் கேட்காமல் போனதாகவும் அங்கே வரும். அது எச்சரிக்கை, மீறினால் தண்டனை. சோஃபக்ளிஸ் அந்த ‘மீறினால்’ என்பதையே எடுத்துவிட்டார். நடக்கப்போவதை அப்போலோ சொல்கிறார், அவ்வளவுதான், ஏன் என்று சொல்வதில்லை. காரணம் சொல்லாத வாக்கை வைத்துக்கொண்டு பாடம் சொல்லித்தருவது எப்படி?

கட்டுரையின் ஓரத்தில் கட்டம் போட்டு ‘இலக்கிய உத்திகள்’ என்று நாலைந்து கொடுத்திருந்தீர்கள், நாடக முரண், குறியீடு, கோரஸ் (மேடையில் சேர்ந்து பாடியும் பேசியும் வரும் ஊர்ப் பெரியவர் குழு) என்று. பட்டியலாகப் போட்டதும் அவையெல்லாம் நகை மாதிரி ஆகிவிடுகின்றன, கழற்றி வைத்தாலும் உடம்பு அப்படியே இருக்கும் என்பது போல. இந்த நாடகத்தில் அப்படிக் கழற்றவே முடியாது, வாக்கு பலிக்கும் இடமே இந்த மனிதர்கள் வாயில் வரும் சொற்கள்தான், தாங்கள் சொல்வதில் இருக்கும் முழு உண்மை தெரியாமலேயே பேசிக்கொண்டிருக்கிறார்கள். பார்க்க வந்த ஏதென்ஸ்காரர்களுக்குக் கதை முன்பே தெரியும், கவிஞர் ஹோமர் காலத்திலிருந்து தெரியும். ஆக மேடையில் இருப்பவன் ஒன்று சொல்ல, உட்கார்ந்திருப்பவர்கள் காதில் அதே சொல் வேறொன்றாக விழுகிறது. நாடக முரண் என்று நாம் பேர் வைத்திருப்பது இதற்குத்தான்.

ஒரு சின்ன இடத்தைக் காட்டுகிறேன், எத்தனை தடவை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும் இடம். லாயஸ் எப்படிச் செத்தான் என்று விசாரிக்கும்போது ராணியின் தம்பி கிரியோன் சொல்கிறான், தப்பி வந்த ஆள் சொன்னபடி வழியில் கொள்ளைக்காரர்கள் மறித்தார்கள், ஒருவன் இல்லை, பல பேர் சேர்ந்து கொன்றார்கள் என்று. பன்மையை அழுத்தித்தான் சொல்கிறான். அடுத்த வரியிலேயே ஈடிபஸ் கேட்கிறான்: இங்கிருந்து யாராவது காசு கொடுத்துத் தூண்டாமல், அந்தக் கொள்ளைக்காரனுக்கு எப்படி இவ்வளவு துணிச்சல் வந்திருக்கும்? கொள்ளைக்காரன்! ஒருமை. கிரேக்கத்தில் அப்படியே ஒருமையில்தான் இருக்கிறது. வாய் தவறி வந்ததா, உள்ளுக்குள் ஏதோ தெரிந்து வந்ததா, சோஃபக்ளிஸ் சொல்லமாட்டார், யாரும் அதைக் கவனிப்பதும் இல்லை, பேச்சு மேலே போய்விடுகிறது. எழுநூறு வரி தாண்டிப் பார்த்தால் அவன் உயிரே அந்தப் பன்மையில் தொங்குகிறது. தப்பி வந்த ஆள் இன்னும் பல பேர் என்றே சொன்னால் கொன்றது நான் இல்லை, ஒன்று எப்படிப் பலவாகும் என்று ஜொகாஸ்டாவிடம் சொல்கிறான். அதற்கு விடை அவன் வாயிலிருந்தே எப்போதோ வந்துவிட்டது. தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் சிலர் இந்த இடத்தில் சரளமாக இருக்கட்டும் என்று இரண்டையும் ‘கொள்ளையர்’ என்று போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அப்புறம் அந்தச் சாபம். கொன்றவன் யாராக இருந்தாலும் அவனுக்கு இந்த ஊரில் யாரும் வீட்டில் இடம் கொடுக்கக்கூடாது, பேசக்கூடாது, என் வீட்டிலேயே எனக்குத் தெரிந்து அவன் இருந்தால் இந்தச் சாபம் என் மேலேயே விழட்டும் என்று ஊரைக் கூட்டிச் சொல்கிறான். அதோடு நிற்காமல், செத்துப்போன லாயஸுக்காக என் சொந்த அப்பாவுக்குப் போராடுவது போலப் போராடுவேன் என்கிறான். உவமை என்று நினைத்துத்தான் சொல்கிறான். ‘போல’ என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் அது அப்பட்டமான உண்மை. இந்த அளவுக்கு ஓர் உவம உருபு கனத்துப்போன இடத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

குருட்டுக் குறிசொல்லி டைரீசியஸ் வரும் காட்சியைப் பற்றிக் கட்டுரை நன்றாகவே சொல்லியிருந்தது, பார்வை உள்ளவனுக்குத் தெரியவில்லை, இல்லாதவனுக்குத் தெரிகிறது என்று. அதைத் திரும்பச் சொல்லவேண்டாம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். காதும் மனமும் கண்ணும் குருடான ஆள் நீ என்று ஈடிபஸ் அந்தக் கிழவரைத் திட்டுகிற ஒரே வரியில் ‘த’ ஒலி ஒன்பது தடவை வருகிறது, கிரேக்கத்தில் வாய்விட்டுப் படித்தால் கல்லை எடுத்து வீசுகிற மாதிரி இருக்கும். அந்தக் கல்லெல்லாம் சாயங்காலம் திரும்பி அவன் கண்ணுக்கே வரப்போகிறது. பதிலுக்குக் கிழவர், இந்த ஒரு நாள் உன்னைப் பெற்றெடுக்கும், உன்னை அழிக்கவும் செய்யும் என்கிறார். பணக்காரன் பிச்சைக்காரனாகி, கோலால் தரையைத் தட்டிக்கொண்டு அன்னிய மண்ணில் நடப்பான் என்றும் சொல்கிறார். அந்தக் கோலுக்குச் சோஃபக்ளிஸ் போட்டிருக்கும் சொல்லும், முச்சந்தியில் பெரியவரை அடித்த கோலுக்கு ஈடிபஸ் பின்னால் சொல்லும் சொல்லும் ஒன்றேதான். காலையில் நாலு கால், மதியம் இரண்டு, மாலையில் மூன்று என்ற ஸ்ஃபிங்க்ஸின் விடுகதையை நாடகம் விரித்துச் சொல்வதில்லை, பார்க்க வந்தவர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறது. மூன்றாவது கால் அந்தக் கோல். விடுகதைக்கு ‘மனிதன்’ என்று விடை சொன்னவனுக்கு, அந்த மனிதன் தானே என்பது அன்றைக்குத் தெரியவில்லை. அவன் பேரிலேயே கால் இருக்கிறது, ஈடிபஸ் என்றால் வீங்கிய காலன். ‘எனக்குத் தெரியும்’ என்பதற்கான கிரேக்கச் சொல்லும் அந்தப் பேரின் முன்பாதிபோல ஒலிக்கும். தெரியும் என்பவன், தன் காலில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது என்று மட்டும் தெரியாதவன்.

இனி ஜொகாஸ்டா. எனக்கு நாடகத்தில் எல்லோரையும்விட இவள்தான் நெருக்கம், உங்கள் கட்டுரையில் இவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். குறிசொல்லி சொன்னதைக் கேட்டு மனம் கலங்கி நிற்கும் புருஷனுக்கு ஆறுதல் சொல்ல வருகிறாள். குறியெல்லாம் பொய், நான் நிரூபிக்கிறேன் பார் என்று ஆரம்பிக்கிறாள். என் முதல் புருஷனுக்கும் இப்படித்தான் மகன் கையால் சாவு என்றார்கள், என்ன ஆயிற்று? பிள்ளையை மூன்று நாளுக்குள் மலையில் போட்டாயிற்று, அவரைக் கொன்றதோ யாரோ வெளியூர்க் கொள்ளைக்காரர்கள், மூன்று சாலை கூடும் இடத்தில். அவள் வாதத்துக்கு அந்த மூன்று சாலை தேவையே இல்லை! பேச்சுவாக்கில் வந்து விழுகிறது. பிள்ளை, கால், மலை எதுவும் ஈடிபஸ் காதில் ஏறவில்லை, மூன்று சாலை என்ற சொல்லில் அப்படியே நின்றுவிடுகிறான். என்ன சொன்னாய், எந்த இடம், எப்போது, ஆள் பார்க்க எப்படி இருப்பார், கூட எத்தனை பேர் என்று அடுக்கடுக்காகக் கேட்கிறான். ஆள் உயரம், தலை நரைக்கத் தொடங்கியிருந்தது, உருவத்தில் உன்னைவிட அவ்வளவு வித்தியாசம் இல்லை என்கிறாள் அவள். வாக்கு பொய் என்று காட்ட எடுத்த சான்றே வாக்கை நிரூபிக்கிற சான்றாகிவிடுகிறது, அதுவும் அன்பினால், ஆறுதல் சொல்ல வந்த இடத்தில்.

இதே மாதிரி இன்னொரு தடவையும் நடக்கிறது. கொரிந்திலிருந்து ஒரு கிழவன் வருகிறான், பாலிபஸ் இறந்துவிட்டார், நீதான் இனி ராஜா என்று நல்ல செய்தி சொல்ல. அப்பா இயற்கையாகச் செத்தார், என் கையால் இல்லை என்று ஈடிபஸுக்கு நிம்மதி, ஆனால் அம்மா பற்றிய பயம் இன்னும் போகவில்லை. கிழவன் பாவம், அந்தப் பயத்தையும் போக்கிவிடலாம் என்று, அவர்கள் உன்னைப் பெற்றவர்களே இல்லை, மலையில் உன்னை வாங்கி அவர்களிடம் கொடுத்ததே நான்தான் என்கிறான். பயத்தை நீக்க வந்தவன் சொல்வது நேர் எதிராகப் போய் முடிகிறதே, இந்தத் திருப்பத்துக்கு அரிஸ்டாட்டில் தன் ‘கவிதையியல்’ நூலில் உதாரணமாக எடுத்துக்காட்டுவது இந்தக் காட்சியைத்தான். அந்தக் கிழவன் வந்தவுடன் கோரஸ் ஜொகாஸ்டாவை அவனுக்கு அறிமுகப்படுத்தும் வரியையும் கவனிக்கவேண்டும். கிரேக்கத்தில் சொல் வரும் வரிசை கிட்டத்தட்ட இப்படி: “மனைவியும் தாயும் இவர்தான், அவருடைய பிள்ளைகளுக்கு.” கடைசிச் சொல் வந்து சேரும்வரை அது வேறு ஒரு வாக்கியம். தமிழிலும் சொல் வரிசையை நம் இஷ்டத்துக்கு நகர்த்தலாம் என்பதால் இதை நாம் ஆங்கிலத்தைவிட நன்றாகக் கொண்டுவர முடியும். வகுப்பில் இந்த வரியைப் பலகையில் எழுதிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிற்பேன். கொஞ்ச நேரத்தில் பின்பெஞ்சிலிருந்து யாராவது ஒரு பிள்ளை “ஐயோ மிஸ்” என்று சொல்லும்.

இதெல்லாம் இருந்தும், முன்பே எல்லாம் எழுதியாகிவிட்டது, இவர்கள் என்ன செய்திருந்தாலும் அதுதானே நடந்திருக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவன் டெல்ஃபிக்குப் போன கதையை அவனே சொல்லும் இடத்தைப் பாருங்கள். விருந்தில் குடித்திருந்த ஒருவன், நீ உன் அப்பாவுக்குப் பிறந்தவன் இல்லை என்று சொல்லிவிடுகிறான். அது மனதை அரிக்க, பெற்றவர்களிடம் சொல்லாமல் டெல்ஃபிக்குப் போகிறான். கேட்கப் போனது, நான் யார் பிள்ளை என்று. அப்போலோ அதற்குப் பதில் தரவில்லை. கேட்காததைச் சொல்லி அனுப்பிவிட்டார். பயங்கரமான அந்த வாக்கைக் கேட்டவன், கேட்கப் போன கேள்வியை அங்கேயே மறந்துவிட்டான், பாலிபஸ்தான் அப்பா என்றே வைத்துக்கொண்டு ஓடினான். நாடகம் நடக்கும் நாளில் அவன் திரும்பக் கையில் எடுப்பது அந்த விட்டுப்போன கேள்வியைத்தான். என்னைப் பொறுத்தவரை இந்த நாடகத்தின் முதுகெலும்பே இதுதான்.

அதை எடுத்த பிறகு அவனை நிறுத்தப் பார்க்காதவர் இல்லை. டைரீசியஸ் முதலில் வாயையே திறக்க மறுக்கிறார், என்னை வீட்டுக்கு அனுப்பிவிடு என்கிறார். கொரிந்துக் கிழவன் பேசி முடிப்பதற்குள் ஜொகாஸ்டாவுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது, உனக்கு உயிர் மேல் ஆசை இருந்தால் இதைத் தேடாதே, நீ யார் என்று உனக்குத் தெரியாமலே போகட்டும் என்று மன்றாடிவிட்டு உள்ளே போகிறாள், திரும்பி வரவே இல்லை. அவனோ, நான் அடிமை வீட்டுப் பிள்ளையாக இருந்துவிடுவேனோ என்று ராணிக்கு வெட்கம் என நினைத்துக்கொள்கிறான். கடைசியாக அந்த முதல் இடையன். லாயஸ் கொலையில் தப்பி வந்த ஆளும் இவன்தான், ஈடிபஸ் அரியணையில் இருப்பதைக் கண்டு, ஊரைவிட்டுத் தூரமாக மேய்ச்சலுக்கு அனுப்பிவிடுங்கள் என்று ராணியின் கையைப் பிடித்துக் கெஞ்சியவனும் இவன்தான். ஐயோ, சொல்லவே கூடாததைச் சொல்லும் விளிம்பில் நிற்கிறேன் என்கிறான். நானும் கேட்கக் கூடாததைக் கேட்கும் விளிம்பில்தான் நிற்கிறேன், ஆனாலும் கேட்டாகவேண்டும் என்கிறான் ஈடிபஸ். இந்த ‘ஆனாலும் கேட்டாகவேண்டும்’ என்பதை எந்த வாக்கும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இதை ‘விதி’ என்று எழுதிவிட்டுப் போனால், நாடகத்திலேயே ஒரு மனிதன் மிகப் பெரியவனாகத் தெரியும் நிமிடத்தை அவனிடமிருந்து பறித்துக்கொள்கிறோம்.

இன்னும் ஒரு திருத்தம். ஈடிபஸ் வாளால் கண்ணைக் குத்திக்கொண்டதாகக் கட்டுரையில் இருக்கிறது. வாள் கேட்டுக் கத்திக்கொண்டுதான் அரண்மனைக்குள் ஓடுகிறான், உண்மைதான், ஆனால் உள்ளே ஜொகாஸ்டா தூக்கில் தொங்குகிறாள். இறக்கிக் கிடத்திவிட்டு, அவள் ஆடையைத் தோளில் பிடித்திருந்த பொன் ஊசிகளை உருவி அவற்றால்தான் குத்திக்கொள்கிறான், ஒரு தடவை இல்லை, பல தடவை. இது ஏதோ சின்ன விவரம் என்று விடமுடியாது. ஹோமரின் ‘ஒடிஸி’யில் இந்தக் கதை வரும்போது கண்ணைக் குத்திக்கொண்ட பேச்சே இல்லை, துன்பத்தோடு தீப்ஸை ஆண்டுகொண்டே இருந்தான் என்றுதான் வருகிறது. லாயஸுக்கு வந்த வாக்கிலும் ஈடிபஸுக்கு வந்த வாக்கிலும் கண் கிடையாது. டைரீசியஸ் மட்டும் அவன் குருடனாவான் என்று சொன்னார், யார் குருடாக்குவார்கள் என்று சொல்லவில்லை. ரத்தம் வழிய வெளியே வந்து நிற்பவனைப் பார்த்து, எந்தத் தெய்வம் உன்னை இப்படிச் செய்யத் தூண்டியது என்று கோரஸ் கேட்கிறது. அப்போலோதான், நண்பர்களே, இந்தத் துன்பத்தையெல்லாம் கொண்டுவந்தது அப்போலோதான், ஆனால் குத்திய கை வேறு யாருடையதும் இல்லை, என்னுடையது என்கிறான்.

அடுத்த இணைப்பில் இடம் இருந்தால், இந்தக் கேள்வியையும் பதிலையும் மட்டுமாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை,
பாளையங்கோட்டை